எதிர்ப்பு சக்தி மட்டும் போதாது
நல்ல சாப்பாடும் சுத்தமான காற்றும் இருந்தால் எந்தக் கிருமியையும் உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோத்தகிரியில் இருக்கும் எங்களுக்குக் காற்றுக்கும் காய்கறிக்கும் என்ன குறை? ஆனால் போன வருஷம் தேயிலைத் தோட்டத்து வழியில் ஒரு நாய் என் மகளைக் கெண்டைக்காலில் கடித்தபோது உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது. வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறும், ரத்தத்தில் அவ்வளவாகத் தலைகாட்டாது, அதனால் வெள்ளை அணுக்கள் விழித்துக்கொள்வதற்குள் காலம் கடந்துவிடும். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினோம், அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட்டார்கள், அது ஏற்கெனவே தயாரான எதிர்ப்பொருள், அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம், உடனே வேலை செய்யும், சில வாரங்களில் கரைந்துவிடும். கையில் போட்டது தடுப்பூசி, அது நம் உடம்பையே எதிர்ப்பொருள் செய்யப் பழக்கும், ஆனால் அதற்கு ஒரு வாரம் பத்து நாள் பிடிக்கும், அந்த இடைவெளியைத்தான் முதல் மருந்து காக்கிறது. வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்றே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்த மாவட்டம் இது, இங்கேயே இப்படிப் பேசினால் எப்படி? அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் "ஒரு ஊசி போட்டாச்சு, காயமும் ஆறிடுச்சு, போதும்" என்கிறார். தயவுசெய்து அப்படி விடாதீர்கள், டாக்டர் சொன்ன தேதிக்கெல்லாம் போய் முழுசாகப் போட்டு முடியுங்கள், நாங்கள் 28-ஆம் நாள் ஊசிக்குக் கொட்டுகிற மழையில் பஸ் பிடித்துப் போய் வந்தோம்.