பாலாறு செத்ததுக்கு ஆந்திரா மட்டுமா காரணம்?

"ஆந்திரா தடுப்பணை கட்டுனதாலதான் பாலாறு செத்துச்சு"ன்னு சொல்றாங்களே, அது பாதி உண்மைதாங்க. கர்நாடகா நந்தி மலையில பொறந்து மொத்தம் 348 கிமீ ஓடுற ஆறு, அதுல ஆந்திராவுல வெறும் 33 தான், நம்ம பக்கம் 222 கிமீ.

தடுப்பணையால தண்ணி குறைஞ்சது நிஜம், இல்லன்னு சொல்லல. ஆனா வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு தோல் தொழிற்சாலை கழிவ வருஷக்கணக்கா ஆத்துல விட்டது யாரு? கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாம போயி, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 1996ல மாசுபடுத்துனவனே நஷ்டஈடு கட்டணும்னு தீர்ப்பே வந்துச்சு. அப்புறம் மணல் கொள்ளை வேற. பாலாத்துல தண்ணி பெரும்பாலும் மணலுக்கு அடியிலதான் ஓடும், அந்த மணலையே அள்ளிட்டா வர்ற வெள்ளமும் நிக்காம வயலூர் பக்கம் கடலுக்குப் போயிடும்.