மே மாதக் கொழுந்தும் ரிசார்ட் பயிற்சியும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் பல வருஷம் கணக்கு எழுதினேன். ஒரு மார்ச் மாதம் எங்கள் சூப்பர்வைசர்களை இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குக் குன்னூரில் ஒரு ரிசார்ட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடப்பது, பேப்பர் கப்பில் கோபுரம் கட்டுவது, மதியம் பிரியாணி. கிளம்பும்போது ஒரு படிவம்: பயிற்சி எப்படி இருந்தது? எல்லோரும் ஐந்துக்கு ஐந்து. பிரியாணி சாப்பிட்ட கையால் யார் மூன்று போடுவார்கள்?

மே மாதம் கொழுந்து வரத்து ஏறியது. அதைப் பயிற்சியின் பலன் என்று மேலிடத்துக்குக் காட்டினார்கள். அந்த அட்டவணையைப் போட்டவனே நான்தான். மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: ஜனவரி உறைபனியில் செடி கருகும், வெயிலில் காய்ந்து நிற்கும், கோடை மழை இரண்டு விழுந்தால் துளிர்த்துக் கொட்டும். பயிற்சிக்கே போகாத பக்கத்து டிவிஷனிலும் அந்த மே மாதம் வரத்து ஏறியிருந்தது. அந்த வரியையும் சேர்த்திருந்தேன். 'அது எதுக்கு?' என்றார்கள். எடுத்துவிட்டேன். சம்பளக்காரன், வேறென்ன செய்ய?

பயிற்சி பலித்ததா என்று பார்க்க, டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இலேயே நான்கு படி சொல்லிவிட்டார். வந்தவருக்குப் பிடித்ததா, எதாவது கற்றாரா, வேலைக்குத் திரும்பியபின் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் உண்டா. நம் ஆட்கள் முதல் படியில் படிவம் வாங்கிக்கொண்டு நேரே நான்காவதுக்குத் தாவிவிடுகிறார்கள். மூன்றாவது படிக்குத் தேயிலைக் காட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டுமே.

கொழுந்து எடை போடும் இடத்தில், பறிக்கும் அக்கா ஒருவரிடம், பயிற்சிக்குப் போய்வந்த அவருடைய சூப்பர்வைசர் இப்போது எப்படி என்று கேட்டேன். 'ஒரு வாரம் வாங்கம்மா, போங்கம்மான்னாரு. அப்புறம் பழைய ஏய்தான்' என்றார். ஈரக் கொழுந்துக்குக் கிலோ கழிக்கும்போது காரணம் சொல்கிறாரா என்றேன். சிரித்தார்.

அந்த சூப்பர்வைசர் மேல் எனக்குக் கோபமில்லை. தினமும் காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடும் இடத்தில், மேனேஜர் அவரை எல்லோர் முன்னாலும் திட்டுவார். அவர் அதை அப்படியே காட்டுக்குக் கொண்டுபோவார். எட்வின் ஃப்ளைஷ்மேன் 1953இல் வெளியிட்ட ஆய்வில் இதே கதைதான். டிராக்டர் செய்யும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் ஃபோர்மேன்கள் பயிற்சி முடித்தபோது தொழிலாளிகளிடம் அனுசரணை காட்ட வேண்டும் என்றார்கள். ஆலைக்குத் திரும்பியதும் தங்கள் மேலாளர் எப்படியோ அப்படியே ஆனார்கள். அப்படியானால் முதலில் யாரை ரிசார்ட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் படிவத்தைப் பயிற்சிக்குப் போனவரிடம் கொடுக்கவே கூடாது. அவருக்குக் கீழே கொழுந்து பறிப்பவர்களிடம், பயிற்சிக்கு முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை, பெயர் எழுதாமல் வாங்க வேண்டும். போகாத டிவிஷனிலும் வாங்க வேண்டும். செலவு கொஞ்சம் ஜெராக்ஸ் பேப்பர்தான்.

என் அக்கா மகன் இப்போது வேறொரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். போன வாரம் போன் செய்து, 'மாமா, அடுத்த மாசம் எங்களுக்கும் லீடர்ஷிப் டிரெய்னிங்' என்றான். மேனேஜர் வருகிறாரா என்று கேட்டேன்.

'குத்துவிளக்கு ஏத்திட்டுக் கிளம்பிடுவாராம்.'