முற்றுகை போட்டவனுக்குத்தான் முதலில் பசிக்கும்

தமிழில் இப்போது கற்பனை ராஜ்ஜியக் கதைகள் நிறைய வருகின்றன. வாள், வில், யானை எல்லாம் உண்டு, வெடிமருந்து மட்டும் கிடையாது. சந்தோஷம். ஆனால் 50,000 பேர் ஒரு கோட்டையைச் சுற்றி ஆறு மாதம் உட்கார்ந்திருப்பார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு வரி இருக்காது. பீரங்கி இல்லாத உலகில் கோட்டை விழுமா விழாதா என்பதே அந்த வரியில்தான் இருக்கிறது.

நம்ம வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. சுரங்கம் தோண்டினால் அகழித் தண்ணீர் உள்ளே கசிந்துவிடும். ஏணி சாத்த வேண்டுமானால் முதலில் அகழியை ஓரிடத்திலாவது மண்ணும் விறகுக்கட்டும் போட்டுத் தூர்க்க வேண்டும், அதுவும் மேலிருந்து அம்பும் கல்லும் விழ விழ. மிச்சமிருப்பது பட்டினி போடுவதுதான். பீரங்கி இருந்த காலத்திலேயே, 1677இல் முற்றுகையைத் தொடங்கிய மராத்தியர் கைக்கு இந்தக் கோட்டை வர ஓராண்டுக்கு மேல் ஆனது.

சரி, வெளியே இருப்பவன் கணக்கு. 10,000 வீரர்கள். சமைக்க, புல் அறுக்க, இரும்படிக்க, மாடு ஓட்ட இன்னொரு 10,000 பேர். ஆளுக்கு முக்கால் கிலோ தானியம் என்றால் நாளுக்கு 15 டன். 2,000 குதிரைகளுக்குத் தலைக்கு 2 கிலோ கொள்ளு, அது 4 டன். ஒரு பொதிமாடு 75 கிலோ சுமக்கும் என்று வைத்தால், ஒரு நாள் சாப்பாட்டுக்கே ஏறக்குறைய 250 மாடு. இருபது நாளுக்கு 5,000.

வண்டியில் ஏற்றலாமே என்பீர்கள். ஜோடி மாடு அரை டன் இழுக்கும், 760 வண்டி போதும்தான். வண்டிக்குப் பத்து மீட்டர் என்றாலும் வரிசை ஏழரை கிலோமீட்டர் நீளும். குறுகிய பாதையில் ஒரு வண்டிக்கு அச்சு முறிந்தால் பின்னால் வருவது அத்தனையும் நிற்கும். பாலாற்றைக் கடக்கும்போது மணலில் சக்கரம் புதைந்தால் அன்றைய பொழுது அங்கேயே போச்சு. பொதிமாடு ஒற்றையடிப் பாதையிலும் போகும், மணலிலும் போகும்.

அதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. இரண்டு பக்கப் பொதியும் ஒரே எடை இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஐந்து கிலோ கூடினாலும் பொதி சரிந்து, கயிறு முதுகெலும்பின் மேல் தேயும். வியர்வையில் தோல் ஊறி, மூன்றாம் நாள் உரிந்துவிடும். ஈ உட்கார்ந்து புழு வைத்துவிட்டால் அந்த மாடு வாரக்கணக்கில் சுமைக்கு உதவாது. அதனால் பத்துக்கு ஒரு மாடாவது வெறும் முதுகோடு கூட வர வேண்டும். மாடு மேயவும் அசைபோடவும் பாதிப் பகல் போய்விடும், ஆகவே நாளுக்கு 15 கிலோமீட்டர்தான். வேலூரிலிருந்து ஆற்காடு போக இரண்டு நாள். ஒரே ராத்திரியில் மூன்று நாட்டைக் கடக்கும் படைகளைப் படித்தால் எனக்கு மாட்டின் மேல்தான் பரிதாபம் வரும்.

உட்கார்ந்த இடத்தில்தான் நிஜமான சிக்கல். நடக்கும் படைக்குத் தினம் புதுப் புல் கிடைக்கும். முற்றுகைப் படை பத்து நாளில் சுற்றுவட்டாரத்தை மொட்டையடித்துவிடும். பிறகு புல்லறுக்கப் போகிறவன் விடியலில் போய் இருட்டித் திரும்புவான், அவனுக்குக் காவலாகக் குதிரைப்படை வேறு போக வேண்டும். கோட்டைக்காரன் இவர்களை அடித்தாலே போதும்.

தண்ணீர்? மாட்டுக்கு 30 லிட்டர் என்றாலும் 5,000 மாட்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். கோடையில் பாலாறு வெறும் மணல், ஊற்றுத் தோண்டித்தான் இறைக்க வேண்டும். குடிக்கிற ஊற்று மேற்கே, மாடு குடிக்கிற இடம் அதற்குக் கிழக்கே, மலம் கழிக்கும் இடம் ஆற்றை விட்டே தள்ளி. இந்த வரிசை கலைந்தால் வயிற்றுப்போக்கு வந்து, எதிரி வேலையைப் பாதி முடித்துக் கொடுத்துவிடும்.

இன்னொன்று, வட ஆற்காட்டு மண்ணில் கதை வைத்துவிட்டு வீரனுக்கு மூன்று வேளையும் நெல்லுச்சோறு போடாதீர்கள். நெல்லாகக் கொண்டுபோனால் மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடும், குத்த ஆள் வேறு வேண்டும். அரிசியாகக் கொண்டுபோனால் வண்டு பிடிக்கும். கேழ்வரகு வருஷக்கணக்கில் கெடாது. எந்திரக்கல் ஒன்று இருந்தால் களி, கூழ் இரண்டுக்கும் வழி ஆயிற்று. அடுப்பு மூட்ட முடியாத ராத்திரிக்கு அவலும் வெல்லமும். புறப்படும் மாதம் தை. அறுவடை முடிந்து களம் நிறைந்திருக்கும், வைக்கோலும் இருக்கும். ஐப்பசியில் கிளம்புகிற ராஜாவுக்கு மந்திரியே இல்லை என்று அர்த்தம்.

வெடிமருந்தில்லாப் போருக்கு மாதிரி தேடி ஐரோப்பா போக வேண்டாம். 949இல் சோழரும் ராஷ்டிரகூடரும் மோதிய தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தானியத்துக்கு ஹைதர் அலி காலத்தைப் பாருங்கள். அவர் படை வேலூரைச் சுற்றி வளைத்திருந்தபோது, 1782 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி கூட் உள்ளே தானியம் கொண்டுவந்து சேர்த்ததால்தான் கோட்டை தாக்குப்பிடித்தது.

ஊரைக் கொள்ளையடித்துச் சாப்பிடலாம் என்றால் அது ஒரு தடவைதான். சேதி அடுத்த ஊருக்குப் போனதும் நெல் குழிக்குள் இறங்கிவிடும், மாடுகள் ஜவ்வாது மலை ஏறிவிடும். காசு கொடுத்தால் தானாக வரும். அந்தக் காலப் படைகள் லம்பாடிகளின் பொதிமாட்டுக் கூட்டங்களை நம்பியது அதனால்தான். உங்கள் கற்பனை நாட்டிலும் அப்படியொரு கூட்டத்தை வையுங்கள். இரண்டு பக்கமும் விற்கிறவர்கள். அந்தக் கூட்டத்தின் தலைவி ஒரு வாரம் மாடுகளை ஓட்டி வராமல் தாமதித்தால் முகாமில் என்னென்ன நடக்கும் என்பதற்கே மூன்று அத்தியாயம் பிடிக்கும்.