மேல்வீட்டு மினுவெட்

(சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல்வீட்டு அம்மா கதவைத் திறக்கிறார். வாசலில் கீழ்வீட்டு சார்.)

அம்மா: வாங்க சார். பியானோ சத்தம்தானே? மன்னிக்கணும். பையனுக்குக் கிரேடு பரீட்சை வருகிறது.

சார்: சத்தத்தை யாரம்மா குறை சொன்னது? அந்த ஜி மேஜர் மினுவெட், அந்த நடன மெட்டு, மொத்தம் 32 பார், அதாவது 32 தாளக் கட்டு. இவன் 20-ஆவது பாரைத் தாண்டி நான் கேட்டதே இல்லை.

அம்மா: எண்ணிக்கொண்டா இருந்தீர்கள்?

சார்: வேறு வழி? அங்கே சி ஷார்ப், அதாவது சி-க்கு அடுத்த கறுப்புக் கட்டை வரவேண்டும். இவன் வெறும் சி-யை அழுத்துகிறான். சங்கராபரணமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பிரதி மத்யமம் எட்டிப் பார்க்கிற இடம் அது! அங்கே போய் சுத்த மத்யமத்தைப் போட்டால் எனக்குச் சாப்பாடு இறங்குமா?

அம்மா: டீச்சரும் அதற்குத்தான் திட்டினார்.

சார்: திட்டி என்ன? தப்பு வந்ததும் முதல் பாருக்கே ஓடிவிடுகிறான். அதனால் முதல் எட்டு பார் பிரமாதம். என் மனைவி சப்பாத்தி உருட்டிக்கொண்டே பாடுகிறாள்.

அம்மா: தடுக்குகிற பாரை மட்டும் தனியாக எடு, முதலில் வலது கை, அப்புறம் இடது கை, அப்புறம் மெதுவாக இரண்டும் என்று டீச்சர் தலைபாடாக அடித்துக்கொள்கிறார். கேட்டால்தானே! பாக் மாதிரி இசை மேதை எழுதியதை இப்படி...

சார்: பாக் இல்லையம்மா, பெட்ஸோல்ட் என்று வேறொரு இசையமைப்பாளர். பாக்கின் மனைவி 1725-இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் பாக் பெயரில் போட்டுவிட்டார்கள். ராத்திரி தூக்கம் வராமல் படித்தேன்.

அம்மா: நாளையிலிருந்து ஹெட்ஃபோன் மாட்டிவிடுகிறேன் சார்.

சார்: ஐயையோ, வேண்டாம்! இன்னும் 12 பார் பாக்கி இருக்கிறது. முடிவு தெரியாமல் நான் எப்படித் தூங்குவது?

அம்மா: சரி. ஆனால் அடுத்த வாரம் ஹானன் ஆரம்பிக்கிறார்கள்.

சார்: ஓ, அவர் இனிமையாக எழுதுவாரா?

அம்மா: இது விரல் பயிற்சி சார். 1873-இல் வந்த புத்தகம். ஒரே வரிசையை ஒவ்வொரு கட்டையாக மேலே ஏற்றிக்கொண்டு போய், அப்படியே கீழே இறக்க வேண்டும். நம்ம சரளி வரிசை மாதிரி.

சார்: எத்தனை பயிற்சி?

அம்மா: 60.

சார்: ஹெட்ஃபோன் என்ன விலை? நானே வாங்கித் தருகிறேன்.

அம்மா: வீட்டில் இருக்கிறது சார். ஆனால் டிஜிட்டல் பியானோ என்றாலும் கட்டை அழுத்துகிற 'டொக் டொக்' தரை வழியாகக் கீழே இறங்கும்.

சார்: அப்படியென்றால்?

அம்மா: உங்களுக்குச் சுருதி வராது. தாளம் மட்டும் வரும்.