முட்டுவது அணுவில் இல்லை

‘எலக்ட்ரான் ஒவ்வொரு அணுவிலும் முட்டி மோதுவதால்தான் மின்தடை’ என்று மின்தடை பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. பள்ளியில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 1928-லேயே இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக் இதை மாற்றிவிட்டாரே! எலக்ட்ரான் அலை மாதிரியும் நடந்துகொள்ளும்; அணுக்கள் சீரான இடைவெளியில் நின்றால், அந்த அலை சிதறாமல் போய்க்கொண்டே இருக்கும். வெள்ளியில், சாதாரண வெப்பநிலையில்கூட, நூறு அணு தாண்டிய பிறகுதான் ஒருமுறை சிதறுகிறது. சிதறடிப்பது சூட்டில் அணுக்கள் ஆடும் ஆட்டமும், இடையில் கலந்த வேற்று அணுக்களும்.

நமக்குச் சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை. தனி வெள்ளி வளையும் என்று செம்பு சேர்ப்போம். செம்பும் நல்ல கடத்திதான்; ஆனாலும் சேர்த்ததும் மின்தடை ஏறும். அணுக்களின் சீரான வரிசை கெட்டுப்போகிறதல்லவா?

இன்னொன்று: வரிசை சீராக இருந்தாலும் எல்லா அலையும் அதில் போய்விடாது. இது, அணுக்களுக்குப் பதில் குண்டுகளை வைத்து நாங்களே செய்து பார்த்தது. இழுத்துக் கட்டிய நூலில் சாண் இடைவெளிக்கு ஒரு ஈயக் குண்டு. ஒரு முனை தையல் மெஷின் மோட்டாரில். மெல்ல ஓட்டினால் அலை கடைசிக் குண்டு வரை போகிறது. காலை அழுத்த அழுத்த, ஒரு கட்டத்தில் முதல் இரண்டு மூன்று குண்டுதான் துடிக்கிறது, மற்றவை அசையவே இல்லை. (நூல் இரண்டு தடவை அறுந்தது தனிக்கதை.) அந்த எல்லையில் அலைநீளம் சரியாக இரண்டு சாண்: பக்கத்துப் பக்கத்துக் குண்டுகள் எதிரெதிராக ஆடும்.