மன்னிச்சுக்கிட்டே இருக்கிறது லூபினோட வேலையா?

நண்பர்கள் தினம் வந்தாலே அந்தக் காட்சியைத் தூக்கிட்டு வந்துடறாங்க. இந்த வருஷமும் குரூப்ல வந்துடுச்சு. ஹாரியோட அப்பா ஜேம்ஸுக்குப் பள்ளி நண்பர்களான சிரியஸும் லூபினும் கட்டிப்பிடிச்சு நிக்கிற படம், மேல கொட்டை எழுத்துல ‘நட்புன்னா இப்படி இருக்கணும்’. கீழ வரிசையா ஹார்ட். ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கல. அனுப்பினவங்க, ஹார்ட் விட்டவங்க எல்லாருமே ஹாரி பாட்டர் ஏழு புத்தகத்தையும் கரைச்சுக் குடிச்சவங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல.

நட்புன்னா இப்படி இருக்கவே கூடாதுங்க.

மூணாவது புத்தகத்துல அந்த இடத்தைத் திரும்பப் படிங்க. ஷ்ரீக்கிங் ஷாக்ங்கிற பாழடைஞ்ச வீட்டு மாடி ரூம். ஹாரியோட நண்பன் ரான் கால் உடைஞ்சு கிடக்கான். இவங்க கூட்டத்து நாலாவது நண்பன், ஜேம்ஸையும் அவர் மனைவி லில்லியையும் வில்லன் வோல்டமார்ட்டுக்குக் காட்டிக் கொடுத்துட்டு எலியா ஒளிஞ்சிருந்த பீட்டரை மனுஷனா மாத்தியாச்சு. அவன் தப்பிக்கறதுக்காக லூபினைக் கிளறி விடறான்: ஜேம்ஸ் குடும்பம் ஒளிஞ்சிருந்த இடத்தைக் காக்கிற ரகசியக் காப்பாளரை நிஜமாவே மாத்தியிருந்தா சிரியஸ் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டானா? லூபின் தடுமாறவே இல்ல. என்னை ஒற்றன்னு நினைச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டான்னு அவரே பதிலை எடுத்துக் கொடுக்கிறார். சிரியஸ் மன்னிச்சுடுங்கிறான். அதெல்லாம் ஒண்ணுமில்லடான்னு சொல்லிக்கிட்டே லூபின் கையை மடிச்சு விடறார், பீட்டரைக் கொல்லணுமே. மடிச்சுக்கிட்டே, உன்னை ஒற்றன்னு நம்பினதுக்கு நீயும் என்னை மன்னிப்பியாடான்னு கேட்கிறார். ஆமாண்டாங்கிறான், லேசா ஒரு சிரிப்பு வந்துட்டுப் போகுது, அவனும் கையை மடிக்கிறான். முடிஞ்சது. 12 வருஷக் கணக்கு சட்டைக் கை மடிக்கிற நேரத்துல தீர்ந்துபோச்சாம்.

அது எப்படிங்க தீரும்? யாருக்குத் தீர்ந்தது?

1981-ல காப்பாளரை சிரியஸ்லேர்ந்து பீட்டரா மாத்துனது ஜேம்ஸ், லில்லி, சிரியஸ், பீட்டர்னு நாலே பேருக்குத் தெரியும். ரெண்டு பேர் செத்துட்டாங்க. பீட்டர், தான் செத்த மாதிரி காட்ட விரலை வெட்டிப் போட்டுட்டு எலியா ஓடிட்டான். மிச்சம் இருந்த சிரியஸை விசாரணையே இல்லாம அஸ்கபான் சிறையில தள்ளிட்டாங்க. அஞ்சாவதா லூபினுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, சிரியஸ் நிரபராதின்னு வெளியில சொல்ல ஒரு ஆளாவது இருந்திருப்பார். அந்த வாயை முன்கூட்டியே அடைச்சது சிரியஸோட சந்தேகம். ஏன் சந்தேகப்பட்டான்? காரணத்தைப் புத்தகம் நேரா சொல்லல. லூபின் பௌர்ணமி ராத்திரியில ஓநாயா மாறற மனுஷன். அந்த மாதிரி ஓநாய் மனுஷங்க வோல்டமார்ட் பக்கம் சாய்வாங்கன்னு ஊரே நினைச்ச காலம், இவனும் அப்படித்தான் நினைச்சிருப்பான்னு எனக்குத் தோணுது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடவே சுத்தினவன் நினைச்சிருக்கான்.

லூபினும்தானே சிரியஸைக் கொலைகாரன்னு நம்பினார்னு உடனே வருவீங்க. நம்பினார். பள்ளித் தலைமை ஆசிரியர் டம்பிள்டோரே நம்பினார். ஊரறிய நடுத்தெருவுல பீட்டரையும் சேர்த்து 13 பேர் செத்ததா நம்பினாங்க, அதுக்கு இவன்தான் பொறுப்புன்னு ஆயிப்போச்சு, உண்மை தெரிஞ்சவங்க யாரும் சொல்ற நிலையில இல்ல. வேற எதைத்தான் நம்புவார் மனுஷன்? ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ஜேம்ஸ் போயாச்சு, பீட்டர் போயாச்சு, சிரியஸ் துரோகி. அவருக்கு இருந்த நட்பு மொத்தமும் அவ்வளவுதான். அஸ்கபான் கொடுமையை நான் குறைச்சுப் பேசல, மனுஷனோட சந்தோஷத்தையே உறிஞ்சற அந்த டிமெண்டர் காவலர்கள் நடுவுல ஒருத்தன் 12 வருஷம் புத்தி பேதலிக்காம இருந்ததே பெருசு. ஆனா ரெண்டு தப்பையும் ஒரே தராசுல வெச்சு ‘நீ மன்னி, நானும் மன்னிக்கிறேன்’னு கைகுலுக்க வெச்சது அநியாயம். அதுவும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டு நிக்கிறது யாரு? பாதிக்கப்பட்டவர்.

சரி, அதைக்கூட விட்டுடலாம். என் வயிறு எரியறது வேற விஷயத்துக்கு.

அந்த மரம். 16 வயசுல சிரியஸ் தன்னோட பள்ளிப் பகையாளி ஸ்னேப்கிட்ட போய், கிட்ட வர்றவங்களை அடிக்கிற வொம்ப்பிங் வில்லோ மரத்துல இருக்கிற முடிச்சை நீளமான குச்சியால குத்து, கீழ இருக்கிற சுரங்கத்துக்குள்ள போயிடலாம்னு சொல்லிக் கொடுத்தான் பாருங்க. சுரங்கத்தோட அந்தப் பக்கம் இருந்தது முழு ஓநாயா மாறிப்போன லூபின். ஜேம்ஸ் உயிரைப் பணயம் வெச்சு ஸ்னேப்பை இழுத்துட்டு வரலைன்னா என்ன ஆயிருக்கும்? ஸ்னேப் செத்திருப்பான், இல்ல கடிபட்டிருப்பான். மறுநாள் காலையில ரத்தத்தோட கண்ணு முழிச்சிருக்க வேண்டியவர் யாரு? ‘ஓநாயைப் பள்ளியில சேர்த்தா இப்படித்தான்’னு இழுத்துட்டுப் போயிருப்பாங்களே, யாரை? சிரியஸையா? தன்னை நம்பி உடம்போட ரகசியத்தையே விட்டு வெச்சிருந்த நண்பனை ஒரு கத்தி மாதிரி எடுத்து இன்னொருத்தன் மேல வீசியிருக்கான். அந்தக் கத்திக்கும் உயிர் இருக்குன்னு அவனுக்கு உறைக்கவே இல்ல.

சின்னப் பையன், தெரியாம செஞ்சுட்டான்னு சொல்லாதீங்க. அதே ரூம்ல, முப்பது வயசு தாண்டினப்புறம், லூபின் இந்தக் கதையை ஹாரிக்குச் சொல்லிட்டிருக்கும்போது குறுக்க வந்து, ஸ்னேப்புக்கு அது வேணும்தான்கிறான். லூபின் பக்கத்துலயே நிக்கிறார்! ஸ்னேப்கிட்ட மன்னிப்புக் கேட்க வேண்டாம்யா, பகை இருக்கு, போகட்டும். லூபின்கிட்ட? ஒரு வரி? ஏழு புத்தகத்துலயும் தேடிட்டேன், கிடையாது. லூபினும் கேட்கல. தானும் சம்பந்தப்பட்ட ஒரு குறும்புங்கிற அளவுல சொல்லிட்டுத் தாண்டிப் போயிடறார்.

ஏன் கேட்கலைன்னா, கேட்கிற வசதி அவருக்கு இல்ல. சின்ன வயசுல கடிபட்டவர். டம்பிள்டோர் தலைமை ஆசிரியரா வரலைன்னா பள்ளிக்கூட வாசலையே மிதிச்சிருக்க மாட்டார். அங்கதான் வாழ்க்கையில முதல் முறையா நண்பர்கள். பௌர்ணமி ராத்திரியில அவருக்குத் துணையா இருக்க மூணு பேரும் வருஷக்கணக்கா உட்கார்ந்து, சட்டத்தை மீறி மிருகமா மாறக் கத்துக்கிட்டாங்க. அந்த நன்றிக்கடன்ல வாயடைச்சுப்போன மனுஷன். அஞ்சாவது புத்தகத்துல, அப்பா ஜேம்ஸ் ஸ்னேப்பைப் படுத்தினதைப் பத்தி ஹாரி வந்து கேட்கும்போதும் பாருங்க, அவங்களைத் தடுக்க எனக்குத் துணிவில்லைன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறது லூபின்தான். இதையா பெருந்தன்மைன்னு கொண்டாடறீங்க? போக்கிடம் இல்லாதவர் எல்லாத்தையும் மன்னிச்சுத்தான் ஆகணும். சண்டை போடற உரிமை இன்னொரு நண்பன் இருக்கிறவனுக்குத்தான்.

அதே அஞ்சாவது புத்தகக் கடைசியில சிரியஸ் ஒரு மாயத் திரைக்குப் பின்னால விழுந்து செத்தப்போ ஹாரியை இறுக்கிப் பிடிச்சு நிறுத்தினதும் லூபின்தான். கத்தி அழறது ஹாரி, டம்பிள்டோர் அறையில பொருளையெல்லாம் போட்டு உடைக்கிறது ஹாரி. அவன் உடைக்கட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு. 12 வருஷம் கழிச்சுக் கிடைச்ச ஒரே நண்பனை ரெண்டே வருஷத்துல மறுபடி பறிகொடுத்தவருக்கு என்ன கிடைச்சது? ஒவ்வொரு வார்த்தையும் வலிக்கிற மாதிரி பேசினார்னு ஒரு வரி. பள்ளி முடிஞ்சு ஸ்டேஷன்ல வந்து நின்னு ஹாரிக்குத் தைரியம் சொல்றதும் அவர்தான், பத்திரமா இருப்பா, தொடர்புல இருன்னு. ஒருத்தராவது அவரைத் தனியா கூப்பிட்டு, நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்களா?