தேர்தலை முதல் நாளே வைக்காதீர்கள்

ஜூனில் பள்ளி திறந்ததும் பல வகுப்புகளில் நன்றாகப் படிக்கிற, சத்தமாகப் பேசுகிற ஒரு பிள்ளையை லீடர் ஆக்கிவிடுகிறோம். டீச்சர் இல்லாதபோது பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவதுதான் லீடரின் வேலை. சில பள்ளிகளில் இதே வேலைக்கு வாக்குப்பெட்டியெல்லாம் வைத்துத் தேர்தல் நடத்தி, மாணவர் ஆட்சி என்று சொல்கிறார்கள். காவல்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் கொடுப்பது ஆட்சி ஆகாது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். அடுத்த வருடம் யாரும் போட்டியிட வரமாட்டார்கள்.

பிள்ளைகளே வகுப்பாட்சியை வடிவமைக்க வேண்டுமென்றால், எதன் மேல் அதிகாரம், எவ்வளவு நாளைக்கு என்பது முதலில் முடிவாக வேண்டும். யார் என்பது கடைசியில்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் இது நன்றாக நடக்கும். முதல் பீரியடில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. இந்த வகுப்பில் தினமும் எது தொல்லையாக இருக்கிறது என்று, பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். குழாயடியில் தள்ளுமுள்ளு, ஃபேனுக்குக் கீழே யார் உட்காருவது, பெருக்குவது ஏன் எப்போதும் பெண்பிள்ளைகள் என்றெல்லாம் வரும். ஐந்தைந்து பேராகப் பிரிந்து சீட்டுகளை வகைப்படுத்தட்டும். அன்றைக்கே நீங்களும் ஒரு பட்டியல் ஒட்டிவிட வேண்டும்: பாடத்திட்டம், தேர்வு, உயிர்ப் பாதுகாப்பு ஆகியவை அவர்கள் கையில் இல்லை. கழிப்பறை கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலைப் பட்டியலிலும் ஏறவே கூடாது. யார் தலையில் அது கடைசியில் விழும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த எல்லையை மூன்றாவது வாரம் திடீரென்று அறிவித்தால் எல்லாம் அன்றோடு சரி.

அடுத்தது விதி எழுதுவது. பந்து ஒன்று, பிள்ளைகள் நாற்பது என்று வையுங்கள். "எல்லோரும் பகிர்ந்து விளையாட வேண்டும்" என்றுதான் முதலில் எழுதுவார்கள். அதை வைத்து எந்தச் சண்டையும் தீராது. யார் எடுப்பார், என்றைக்கு, திருப்பி வைக்காவிட்டால் என்ன என்று மூன்று கேள்வி கேளுங்கள். "திங்களன்று முதல் இரண்டு வரிசை, செவ்வாயன்று அடுத்த இரண்டு, எடுப்பவர் நோட்டில் கையெழுத்திடுவார், மணி அடித்ததும் பெட்டிக்குள் வைப்பார்" என்று மாறும். இப்படி ஐந்தாறு விதி போதும். இருபது எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

தண்டனையில்தான் பெரிய சிக்கல். பிள்ளைகள் நம்மைவிடக் கடுமையாக எழுதுவார்கள்: ஐம்பது தோப்புக்கரணம், பத்து ரூபாய் ஃபைன், ஒரு வாரம் யாரும் பேசக்கூடாது. உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை என்பதைச் சொல்லிவிடுங்கள். இன்றைய போலந்தின் தலைநகர் வார்சாவில் 1912இல் திறந்த அனாதை இல்லத்தில் யானுஷ் கோர்ச்சாக் என்ற குழந்தை மருத்துவர் பிள்ளைகளுக்கென்றே நீதிமன்றம் வைத்திருந்தார். அதன் சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பதற்கோ வழக்கைக் கைவிடுவதற்கோ உரியவை. தங்கள் மேல் வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து ஐந்து நீதிபதிகள் குலுக்கலில் வருவார்கள். கோர்ச்சாக் மேலேயே பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள், அவரும் பதில் சொன்னார். உங்கள் வகுப்பிலும் புகார் எழுத ஒரு நோட்டு வையுங்கள். டீச்சர் மேல் புகார் எழுத இடமில்லாத நோட்டில் எனக்கு உடன்பாடில்லை.

புகார் எழுதியதற்கும் விசாரணைக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி வையுங்கள். பாதிப் புகாருக்கு மேல் எழுதியவர்களே கோடு போட்டு நீக்கிவிடுவார்கள். வாரம் ஒரு பீரியட் வகுப்புக் கூட்டத்தில் மூன்று புகாருக்கு மேல் எடுக்க வேண்டாம், இல்லையென்றால் கூட்டம் முழுக்கக் கோர்ட்டாகிவிடும்.

பொறுப்பாளர்களுக்குக் குடவோலைதான், அதாவது பெயர்ச்சீட்டைக் குலுக்கி எடுப்பதுதான், என் தேர்வு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் பதவி வகித்தவர் திரும்ப வர முடியாது, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை, குடத்திலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சிறுவன். அதே கல்வெட்டு நிலமும் வேதக் கல்வியும் கேட்கிறது, பெண்களுக்கு இடமே தரவில்லை. எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிவிடலாம் என்று வகுப்பே ஒரு பீரியட் விவாதிக்கட்டும். குலுக்கல் வைத்தால் சாதிக்கூட்டமும் மிட்டாய் கொடுத்து ஓட்டு வாங்குவதும் வேலை செய்யாது. வாய் திறக்காத பிள்ளைக்கும் முறை வரும். பதவிக்காலம் இரண்டு வாரம், இருவர் இருவராக. தனியாக விட்டால் கூச்சப்படுகிற பிள்ளை வேலையைப் பக்கத்து பெஞ்சிடம் ஒப்படைத்துவிடும்.

கை தூக்கும் வாக்கெடுப்பு வேண்டாம், எல்லோரும் ஒரே முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். துண்டுச்சீட்டே நல்லது. ஆசிரியருக்கும் ஒரே ஓட்டு. ஆபத்து, சட்டம் இரண்டுக்காக மட்டும் தீர்மானத்தை நிறுத்தலாம், அதுவும் காரணத்தைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு. பருவம் முடிந்ததும் எல்லா விதியும் காலாவதி. வேண்டியதை மறுபடி ஓட்டுப்போட்டு எடுத்துக்கொள்ளட்டும்.